'ரன்' என்ற ஒரே சொல்லை வைத்து அகராதிகளுக்கு ஒரு பரீட்சை

அகராதி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு முரட்டுச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு போவார்கள். பன்னிரண்டு, பதினான்கு எழுத்துச் சொல். அது உள்ளே இருந்தால் புத்தகம் தேறிவிட்டது. உண்மையில் அந்த மாதிரிச் சொற்களால் எந்த அகராதிக்கும் சிரமமே இல்லை. நீளமான சொல்லுக்கு அநேகமாக ஒரே பொருள்தான். ஒரு வரியில் முடிந்துவிடும். அகராதி தொகுப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை 'ரன்', 'செட்', 'புட்', 'கெட்' போன்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்கள். அதனால் இந்த மதிப்புரைக்கு 'ரன்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம்மிடையே புழங்கும் அகராதிகளில் அந்த ஒரு பதிவைப் படித்தாலே எது யாருக்கு உதவும் என்பது தெரிந்துவிடுகிறது.

முதலில் அந்தச் சொல்லின் பருமனைப் பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்‌ஷனரியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு. 430 பொருள்கள், ஏறக்குறைய 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை நடக்கையில், 2011-ல் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். பெயர்ச்சொல் இந்தக் கணக்கில் சேராது.

இவ்வளவு பொருள் எப்படி வந்தது என்பதற்கு ஜெர்மன் மொழியில் ஒரு தடயம் இருக்கிறது. அங்கே 'ரென்னன்' என்றால் காலால் ஓடுவது. 'ரின்னன்' என்றால் நீர் ஒழுகுவது. ஒரே குடும்பத்துச் சொற்கள், ஆனால் இன்றும் தனித்தனி. ஆங்கிலத்தில் இரண்டும் 'ரன்' என்ற ஒரே சொல்லுக்குள் கலந்துவிட்டன. மனிதன் ஓடுவதும் மூக்கு ஒழுகுவதும் அங்கே ஒரே வினையாக இருப்பது இதனால்தான். பிறகு இயந்திரங்கள் வந்தன. ஆலை, ரயில், மோட்டார், கணினி எல்லாவற்றுக்கும் இதே வினையைத் தூக்கி மாட்டினார்கள். மூன்று கிளைகள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: கால், நீர், இயந்திரம். மீதிப் பொருள்களில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்து கிளைத்தவை.

'ஓடு' எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

தமிழ் வாசகருக்கு 'ரன்' சுலபமாகத் தோன்றுவதற்குக் காரணம், நம் 'ஓடு'வும் ஏறக்குறைய அதே போலப் பரந்து கிடப்பது. ஆறு ஓடும், பஸ் ஓடும், கடிகாரம் ஓடும், தியேட்டரில் படம் 175 நாள் ஓடும். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் 'ரன்' பொருந்தும். இலங்கைத் தமிழில் பேதியை 'வயிற்றோட்டம்' என்பார்கள். ஆங்கிலப் பேச்சு வழக்கில் அதற்குப் பெயர் 'த ரன்ஸ்'. இந்தப் பொருத்தங்களைப் பார்த்துவிட்டு 'ஓடு' வரும் இடத்திலெல்லாம் 'ரன்' போடலாம் என்று நம்பியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

'படம் ஓடவில்லை' என்றால் நமக்குப் படம் தோல்வி. ஆங்கிலத்தில் அதை அப்படியே 'ரன்' வைத்துச் சொன்னால் படத்தைத் திரையிடவே இல்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'கடை ஓடவில்லை' என்பதற்கும் அதே கதி. 'நேரம் ஓடிவிட்டது' என்றால் நமக்கு நேரம் போனதே தெரியவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் 'டைம் ஹேஸ் ரன் அவுட்' என்றால் அவகாசம் தீர்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. 'அவர் பஸ் ஓட்டுகிறார்' என்பதை 'ரன்' போட்டு மொழிபெயர்த்தால் டிரைவர் ஒரே வாக்கியத்தில் பஸ் முதலாளி ஆகிவிடுவார். ஓட்டுவது 'டிரைவ்', பஸ் சர்வீஸ் நடத்துவதுதான் 'ரன்'.

எதிர்த் திசையிலும் இதே பிரச்சினை. ஆங்கிலத்தில் 'ரன்' இருக்கும் இடத்தில் தமிழில் 'ஓடு' வராத இடங்கள் ஏராளம். கடையை 'ரன்' செய்வது நடத்துவது. சட்டைச் சாயம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. காய்ச்சலை 'ரன்' செய்தால் காய்ச்சல் அடிக்கிறது. பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்தால் வெளியிடுகிறது. சாலை ஆற்றங்கரையோரமாக 'ரன்' ஆனால் போகிறது. சர்க்கரை நோய் ஒரு குடும்பத்தில் 'ரன்' ஆனால் பரம்பரையாக வருகிறது. தேர்தலில்தான் வேடிக்கை: அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்வார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்வார். தமிழில் அவர் தேர்தலில் நிற்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நம் வினை பிரிட்டிஷ் கட்சி.

நல்ல அகராதியிடம் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: கையில் ஒரு வாக்கியத்தோடு வருபவரை, இத்தனை பொருள்களுக்கு நடுவே அரை நிமிடத்தில் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. எத்தனை பொருள் கொடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை அடுத்த கேள்வி.

லாங்மன்: வழிகாட்டிப் பலகை போட்ட அகராதி

அந்த அளவுகோலில் முதலிடம் லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷுக்கு. முதல் பதிப்பு 1978. விளக்கங்கள் அத்தனையும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எழுதப்படுகின்றன. அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு சொல்லைப் பயன்படுத்த நேர்ந்தால் அதைச் சிறிய தலைப்பெழுத்துகளில் அச்சிட்டுக் காட்டிவிடுவார்கள். ஒரு சொல்லின் பொருளைத் தேடிப் போய், விளக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல்லுக்குப் பொருள் தேடும் அவதி இதில் குறைவு. இந்த யோசனையின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்து மாணவர்கள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைப் பார்த்து, 1,490 சொற்களை மட்டும் வைத்து விளக்கம் எழுதிய ஓர் அகராதியை 1935-ல் கொண்டுவந்தார்.

'ரன்' பதிவில் லாங்மன் செய்திருக்கும் பெரிய உபகாரம், ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு சின்ன வழிகாட்டித் தலைப்பு. கால்களால் வேகமாக நகர்வது, பந்தயம், நிர்வகிப்பது, பஸ் ரயில், கணினி, இயந்திரம், செய்தித்தாள், தேர்தல், ஒரு அளவில் நிற்பது, துணியின் சாயம் என்று தலைப்புகளை மட்டும் கண்ணால் மேய்ந்துகொண்டே கீழே போகலாம். 'பணவீக்கம் ஆறு சதவீதத்தில் ரன் ஆகிறது' என்ற வாக்கியத்தோடு வருகிறவருக்கு, 'ஒரு அளவில் நிற்பது' என்ற தலைப்பு கண்ணில் பட்டவுடன் வேலை முடிந்தது. எஸ்1, டபிள்யூ1 என்ற சிவப்புக் குறிகள், இந்தச் சொல் பேச்சிலும் எழுத்திலும் முதல் ஆயிரத்துக்குள் இருப்பதைச் சொல்கின்றன. மாணவருக்கு இந்தக் குறிகள் அவசியம். மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் போகலாம்.

குறை என்று பார்த்தால், எளிய சொற்களுக்குள்ளேயே நின்றாக வேண்டும் என்ற பிடிவாதத்தால் சில விளக்கங்கள் சவசவவென்று நீண்டுவிடுகின்றன. இணையப் பதிப்பில் இலவசமாகப் பார்க்கலாம், விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால்.

ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்: வாக்கியம் எழுதுபவர்களுக்கு

இந்த அகராதியும் ஆசியாவில் பிறந்ததுதான். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது தொகுத்தது. 1942-ல் தோக்கியோவில் கைத்தகுஷா நிறுவனம் வெளியிட்டது. போருக்குப் பின் 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் அதைத் தன் பெயரில் கொண்டுவந்தது. 2020-ல் பத்தாம் பதிப்பு. பொருள் சொல்வதோடு நிறுத்தாமல், அந்த வினைக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஹார்ன்பியின் பிடிவாதம். அது இன்றுவரை தொடர்கிறது.

'ரன்' பதிவில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் செயப்படுபொருள் வேண்டுமா வேண்டாமா என்ற குறிப்பு இருக்கும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், ஆனால் 'ரன்' விஷயத்தில் பாதி குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். செயப்படுபொருள் இல்லையென்றால் ஓடுவது, ஒழுகுவது, போவது, இயங்குவது. இருந்தால் நடத்துவது, இயக்குவது, வெளியிடுவது, நிரப்புவது. 'ரன் எ பாத்' என்பதைக் குளிக்க ஓடுவதாக எடுத்துக்கொள்ளாமல், தொட்டியில் வெந்நீர் பிடித்து வைப்பதாக எடுத்துக்கொள்ள இந்தக் குறிப்பு ஒன்று போதும். சில பொருள்களுக்கு இடம் அல்லது திசை காட்டும் சொல் கட்டாயம் என்று ஒரு குறியும் உண்டு. சாலையோ கம்பியோ 'ரன்' ஆகும்போது எங்கிருந்து எங்கே என்று சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது என்பதை அது உணர்த்துகிறது.

அச்சுப் புத்தகத்தில் பழகாதவர்கள் தடுமாறும் ஓர் இடம் மரபுத்தொடர்கள். 'ரன்' கலந்த தொடர்கள் அத்தனையையும் 'ரன்' பதிவில் தேடினால் கிடைக்காது. தொடரில் வரும் பெயர்ச்சொல் அல்லது பெயரடையின் கீழ்தான் இருக்கும். 'ரன் ரயட்' என்பதை 'ரயட்' பதிவில் பார் என்று அங்கேயே ஒரு குறிப்பும் போட்டிருப்பார்கள். இணையப் பதிப்பில் ஒரு சொடுக்கில் போய்விடலாம் என்பதால் இது தொல்லையில்லை. புத்தகத்தில் இரண்டு முறை புரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பின்னொட்டுச் சொல்லோடு சேர்ந்த வினைகளுக்குத் தனிப் பகுதி. இங்கே இருமுனை அம்புக்குறி ஒன்று வரும். அம்பு இருந்தால் செயப்படுபொருளை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். 'ரன் டவுன்' என்பதற்கு அம்பு உண்டு. 'ரன் இன்ட்டு' என்பதற்கு இல்லை; நண்பரைத் தற்செயலாகச் சந்தித்ததைச் சொல்லும்போது நண்பரை நடுவில் செருகினால் வாக்கியம் கெட்டுவிடும். இதே அம்பு லாங்மனிலும் உண்டு.

தமிழர்கள் அதிகம் பிழை விடும் 'ரன் அவுட் ஆஃப்' இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 'பால் தீர்ந்துவிட்டது' என்பதில் பால்தான் எழுவாய். அந்தப் பழக்கத்தில் 'மில்க் காட் ஓவர்' என்கிறோம். இந்தியாவுக்கு வெளியே இது விளங்காது. ஆங்கிலத்தில் இரண்டு வழி. பால் எழுவாயானால் 'த மில்க் ஹேஸ் ரன் அவுட்', அதோடு சரி, 'ஆஃப்' வராது. ஆட்கள் எழுவாயானால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்', இங்கே 'ஆஃப்' விடக் கூடாது. புழக்கத்தில் அதிகம் இரண்டாவது. கிரிக்கெட்டின் 'ரன் அவுட்' இதோடு ஒட்டாத வேறு விஷயம்; அதைப் பெயர்ச்சொல்லாகப் பயன்படுத்தும்போது இடையில் சிறு கோடு போட்டு எழுதுவார்கள்.

கோபில்ட், கேம்பிரிட்ஜ், மெரியம்-வெப்ஸ்டர்

காலின்ஸ் கோபில்ட் 1987-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவானது. கணினியில் சேர்த்த பெரிய உரைத்தொகுப்பை அடிப்படையாக வைத்துத் தொகுத்த முதல் பெரிய கற்போர் அகராதி. அதன் தனித்தன்மை, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதுவது. 'நீங்கள் ஒரு தொழிலை ரன் செய்தால், அதற்கு நீங்கள் பொறுப்பாக இருக்கிறீர்கள்' என்கிற பாணி. முதல் பார்வையில் பாலர் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் யார் செய்கிறார்கள், எதைச் செய்கிறார்கள் என்ற இரண்டும் விளக்கத்திலேயே வந்துவிடுவதால், இலக்கணக் குறிகளைப் படிக்கச் சலிப்படைகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சொந்தமாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள், சரியான பொருளை வேறு அகராதியில் கண்டுபிடித்துவிட்டு, அது வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று பார்க்க இங்கே வரலாம். தேடுவதற்கு மட்டும் இது மெதுவான அகராதி. முழு வாக்கியங்களைக் கண்ணால் மேய முடியாது.

கேம்பிரிட்ஜ் இணைய அகராதி வேகத்துக்குப் பெயர்போனது. வேகமாகப் போவது, பயணம், இயக்குவது, பாய்வது, ஆவது என்று பெரிய எழுத்தில் பொருள்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்திருக்கிறார்கள். இதில் 'ஆவது' என்ற கட்டைத் தனியாகக் காட்டியிருப்பது பாராட்ட வேண்டிய வேலை. 'ரன் ட்ரை', 'ரன் ஷார்ட்', 'ரன் லோ' என்று பெயரடை பின்னால் வரும்போது 'ரன்' கிட்டத்தட்ட 'ஆகு' என்றாகிவிடுகிறது: கிணறு வற்றிப்போகிறது, கையிருப்பு குறைந்துபோகிறது. ஓட்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு தெரியாததால் மொழிபெயர்ப்புகளில் மிக அதிகமாகச் சொதப்பப்படும் பொருள் இது. மொபைலில் அவசரத்துக்குப் பார்க்க கேம்பிரிட்ஜ் போதும். எடுத்துக்காட்டுகள் லாங்மன் அளவுக்குச் செறிவில்லை.

மெரியம்-வெப்ஸ்டர் வேறு ரகம். இது கற்போருக்காக எழுதப்பட்டதல்ல, ஆங்கிலம் தெரிந்த அமெரிக்கர்களுக்கானது. பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது, பழையது முன்னால். அதனால் முதல் பொருள்தான் இன்று அதிகம் புழங்குவது என்று இதில் நம்பக் கூடாது. ஆனால் ஒரு விளக்கத்துக்காகவே இந்தப் பதிவைப் படிக்கலாம். ஓடுவது என்றால் நடையைவிட வேகமாகப் போவது என்று எல்லோரும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட, இது மட்டும் ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்புவது என்று துல்லியம் சேர்க்கிறது. தடகளத்தில் நடைப்போட்டி நடுவர்கள் கவனிப்பதும் இதைத்தான். இரண்டு பாதமும் தரையை விட்டது கண்ணுக்குத் தெரிந்தால் அது நடையல்ல.

இன்னொரு நன்மை: வேர் வேறாக இருந்தால் இது எண் போட்டுத் தனிப் பதிவாக்கும். பணம் போடும் 'பேங்க்' ஒரு பதிவு, ஆற்றங்கரையான 'பேங்க்' வேறு பதிவு. ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மன் போன்ற கற்போர் அகராதிகளில் வேறுபாடு மறைந்துவிடும்; எழுத்து ஒன்றாக இருந்தால் ஒரே பதிவுக்குள் அடுக்கிவிடுவார்கள். 'ரன்' எல்லா இடத்திலும் ஒரே வேர்தான், வினை பெயர் என்றுதான் பிரிகிறது. பெண்களின் காலுறையில் இழை விட்டுப்போன கோட்டுக்கு அமெரிக்கர்கள் 'ரன்' என்பார்கள், பிரிட்டனில் 'லேடர்'. இப்படிப்பட்ட நாட்டு வேறுபாட்டை ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தெளிவாகக் குறிக்கின்றன.

பெயர்ச்சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். கிரிக்கெட் ரன், அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கையான 'பிரின்ட் ரன்', ஒத்திகையான 'டிரை ரன்' எல்லாம் சுலபம். 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசிக்கு 'டிரை ரன்' நடந்தபோது நம் செய்திகளில் 'ஒத்திகை' என்றே வந்தது, நல்ல தேர்வு. கஷ்டம் 'பேங்க் ரன்'. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்கில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். பெரும்பாலும் கணினியிலும் கைப்பேசியிலும்; ஒருவரும் ஓடவில்லை. இதை 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால் வங்கி ஊழியர்களின் மாரத்தான் என்றுதான் வாசகர் நினைப்பார். 'வைப்புத்தொகையை எடுக்க முண்டியடித்தார்கள்' என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். நிகர்ச்சொல் மட்டும் தரும் அகராதிகள் கைவிடுவது இம்மாதிரி இடங்களில்தான்.

தமிழில் பொருள் தருபவை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம், அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் வெளிவந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்றும் இது புதையல்தான். ஒரு பொருளுக்கு நாலைந்து தமிழ்ச் சொற்கள் கொடுக்கும். அதில் ஒன்று மறந்துபோன நல்ல சொல்லாக இருக்கும். ஆனால் 'ரன்' போன்ற சொல்லுக்கு இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. நிகர்ச்சொற்கள் காற்புள்ளியும் அரைப்புள்ளியுமாக வரிசையாக வரும். எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது. 'நடத்து' எந்தப் பொருளோடு, 'இயக்கு' எந்தப் பொருளோடு என்பதைத் தெரிந்தவர்தான் தேர்ந்தெடுக்க முடியும். காலத்தால் பழையது என்பதால் நிரலைக் கணினியில் இயக்கும் பொருளையும் அதில் எதிர்பார்க்க முடியாது. கற்போர் அகராதியில் பொருளை முடிவு செய்துவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லுக்காக இங்கே வருவதுதான் முறை. வரிசையை மாற்றினால்தான் 'பேங்க் ரன்' ஓட ஆரம்பிக்கும்.

லிஃப்கோ அகராதி தமிழ்நாட்டில் பல வீடுகளின் முதல் அகராதி. ஆங்கிலப் பொருளும் தமிழ்ப் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசதி. ஒரு பொருள் உள்ள சொற்களுக்கு இன்றும் போதும். 'ரன்' மாதிரிச் சொல்லை அந்த அளவுப் புத்தகத்தில் அடக்குவது நடக்காத காரியம்; அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. தமிழ் விக்சனரியில் பதிவுகளின் தரம் சொல்லுக்குச் சொல் மாறும்.

இவற்றில் எதுவும் சொல்லித்தராத ஒரு விஷயம், நாமே உண்டாக்கிக்கொண்ட 'ரன்னிங்'. 'ரன்னிங்கில் ஏறாதே' என்று கண்டக்டர் சொல்வதை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் 'மூவிங் பஸ்' என்று எழுத வேண்டும். 'ரன்னிங் ரேஸ்' என்பதில் 'ரேஸ்' என்றாலே போதும். வண்டி 'ரன்னிங் கண்டிஷனில்' இருக்கிறது என்பதை மட்டும் அப்படியே எழுதினாலும் புரிந்துகொள்வார்கள்.

தேடும் முறை

எந்த அகராதியானாலும் 'ரன்' வரும் வாக்கியத்தோடு உட்கார்ந்தால் இந்த வரிசையில் போவது நேரம் மிச்சம். முதலில் அது வினையா பெயரா என்று பார்க்க வேண்டும். முன்னால் 'எ', 'த' அல்லது 'ஆன் த' இருந்தால் பெரும்பாலும் பெயர். வினையானால், அடுத்து வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். 'அவுட்', 'இன்ட்டு', 'ஓவர்', 'அப்', 'டவுன்' போன்ற சிறு சொல் இருந்தால் மேலே நேரத்தை வீணாக்காமல் நேராகக் கீழே கூட்டுவினைப் பகுதிக்குப் போய்விடலாம். சிறு சொல் இல்லாமல் பெயரடை வந்தால் 'ஆகு' என்ற பொருளை முதலில் சோதிக்க வேண்டும். பெயர்ச்சொல் வந்தால் அது செயப்படுபொருள். அந்தப் பெயர்ச்சொல்தான் சாவி. நிறுவனமா, நிரலா, செய்தியா, சிவப்பு விளக்கா? ஒவ்வொன்றுக்கும் 'ரன்' வேறு. ஒன்றுமே ஒத்துவராவிட்டால் அந்தப் பெயர்ச்சொல்லின் பதிவில் மரபுத்தொடர் பகுதியைப் பார்க்க வேண்டும். 'ரன் எ டெம்பரேச்சர்' போன்றவை அங்கே ஒளிந்திருக்கும்.

இரண்டு இடத்தில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒன்று, முதல் பொருளைப் படித்ததும் நிறுத்திக்கொள்வது. இன்னொன்று, இறந்தகால வடிவம். ரன், ரேன், ரன் என்று மூன்றாவது வடிவம் முதல் வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. அதனால் 'ஹேஸ் ரேன்' என்பது பிழை, 'ஹேஸ் ரன்' சரி. பதிவின் தலைப்பிலேயே வடிவங்கள் கொடுத்திருப்பார்கள். பார்க்காமல் கீழே இறங்கிவிடுகிறோம்.

முதலில் சொன்ன ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்‌ஷனரி என்ற பேரகராதியை இந்தத் தேடலுக்குப் பரிந்துரைக்க முடியாது. சந்தா கட்டிப் படிக்க வேண்டியது, பழைய பொருளிலிருந்து தொடங்கும், தினசரி வேலைக்குத் தேவையில்லை. மேற்கோள்களோடு ஒரு சொல்லின் ஆயிரம் வருடக் கதையைப் படிக்க ஆசையுள்ளவர்கள், பெரிய நூலகம் ஒன்றில் இரண்டாம் பதிப்பின் தொகுதி கிடைத்தால் ஒரு முழு மதியம் ஒதுக்கிக்கொண்டு உட்காரலாம்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், படிப்பவருக்கு லாங்மன், எழுதுபவருக்கு ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ். மொழிபெயர்ப்பவர் இரண்டில் ஒன்றோடு சென்னைப் பல்கலைக்கழகச் சொற்களஞ்சியத்தையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். 'ரன்' போன்ற அடிப்படை வினைகளின் பொருள் பத்துப் பதினைந்து வருடத்தில் பெரிதாக மாறிவிடாது. வாங்குமுன் 'ரன்' பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.